வெள்ளை வேட்டியும் லத்தீன் வேரும்

படித்ததை உடனே செய்து பார்க்கும் வியாதி எனக்கு உண்டு. எம்.ஏ. ஆங்கிலம் முடித்து எட்டு மாதம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தபோது, திருச்சியில் ஒரு தனியார் கல்லூரி நேர்காணலுக்குக் கூப்பிட்டது. இருப்பது ஒரே ஒரு விரிவுரையாளர் வேலை. எனக்கு அது கிடைத்தே ஆக வேண்டும். முந்தின நாள் பார்த்து அகராதியில் 'கேண்டிடேட்' என்ற சொல்லைப் புரட்டித் தொலைத்தேன்.

லத்தீனில் 'கேண்டிடஸ்' என்றால் பளீர் வெள்ளையாம். பண்டைய ரோமில் பதவி கேட்டு வருகிறவர்கள் அங்கியில் சுண்ணாம்புத் தூள் பூசி வெளுப்பாக்கிக்கொண்டு வருவார்களாம். மெழுகுவர்த்தியான கேண்டிலும், ஒளிவுமறைவில்லாத கேண்டிடும் இதற்குப் பங்காளிகள். தேர்தலில் நிற்பவர், தேர்வு எழுதுபவர், வேலை கேட்பவர் அத்தனை பேருக்கும் மூலம் அந்த வெள்ளை அங்கிதான்! நேர்காணலில் இதை எடுத்துவிட்டால் வேலை நமக்குத்தான் என்று, சொட்டு நீலமும் கஞ்சியும் போட்டு, வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையில் கிளம்பினேன்.

ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறியதுமே ஒருவர் எழுந்து, "உக்காருங்க தலைவரே" என்றார். (அப்போதாவது உறைத்திருக்க வேண்டும்.) கல்லூரிக் காவலாளி சல்யூட் அடித்து, நேராகத் தாளாளர் அறைக்கே அழைத்துப் போனார். நேர்காணல் அங்கேதான் என்று நானும் உட்கார்ந்துவிட்டேன். காபி வந்தது, முந்திரி வந்தது.

"நம்ம காலேஜ் ரோடு குண்டும் குழியுமா கெடக்குங்க. நீங்கதான் பார்த்துச் செய்யணும்" என்றார் தாளாளர்.

என் சமூக அக்கறையைச் சோதிக்கிறார் போலிருக்கிறது என்று, சாலைகளைப் பற்றி அரைமணி நேரம் ஆவேசமாகப் பேசினேன். அதற்குள் பக்கத்து ஹாலில் என் பெயரை மூன்று முறை கூப்பிட்டு, ஆள் வரவில்லை என்று எழுதிவிட்டார்கள்.

கடைசியில் அவர் குரலைத் தாழ்த்தினார். "சொல்லுங்க, யாருக்கு சிபாரிசு பண்ண வந்தீங்க?"

"எனக்குத்தாங்க."

ரோமிலிருந்து ஆரம்பித்து விளக்கினேன். சுண்ணாம்புத் தூளுக்கு வருவதற்குள் முந்திரித் தட்டு உள்ளே போய்விட்டது. வேலை, பட்டியலில் எனக்கு அடுத்து இருந்த உறையூர் மாலதிக்குப் போனது. அன்று வீடு வரைக்கும் அழுகையை அடக்கிக்கொண்டுதான் வந்தேன்.

மூன்று வருடம் கழித்து, நான் ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்ததும், தரகர் கொண்டுவந்த முதல் ஜாதகம் அதே மாலதியுடையது. இன்று அவள் துறைத்தலைவி. வீட்டுக்கு வரும் மாணவிகளிடம் என்னைக் காட்டி ஒவ்வொரு முறையும் தவறாமல் சொல்கிறாள்:

"நான் அந்தக் காலேஜ்ல சேர்ந்ததே இவர் தயவுலதான்மா."