ரங்கூன் இருமல்

அப்பாத்துரைக்கு இருமல் வந்த நேரம் சரியில்லை. இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு காந்திமதிநாதன் பிள்ளை முன்கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, பையைத் திறந்து, "பையனுக்குச் சீக்கு ஒண்ணும் கிடையாதுல்லா?" என்று கேட்ட அதே நொடியில் அது வந்தது. ஒன்றோடு நிற்கவுமில்லை.

பிள்ளை பேனாவை மூடினார். கதவுக்குப் பின்னால் நின்ற சாலோமி, தானே இருமியவளைப் போல முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பாத்துரைக்கு அவள் வாழ்க்கைப்பட்டு இன்னும் ஒரு வருஷம் நிறையவில்லை.

அப்பாத்துரை ரங்கூனுக்குப் போகவேண்டும். அங்கே ஓர் அரிசி மில்லில் கணக்கு எழுதும் வேலை காத்திருந்தது. அந்த வேலையை முன்னால் பார்த்தவன் அவனுடைய அண்ணன்தான். போன ஆடியில் விஷக்காய்ச்சல் கண்டு அங்கேயே இறந்துபோனான். அவன் கொண்டுபோன தகரப்பெட்டி மட்டும் திரும்பி வந்தது. மில்காரர்கள் இரக்கப்பட்டு, அண்ணன் உட்கார்ந்த நாற்காலியைத் தம்பிக்கே தருவதாகச் சொல்லியனுப்பினார்கள்.

தகப்பனார் வேதநாயகம் வாத்தியார், கண் மங்கும்வரை பாளையங்கோட்டையில் மிஷன் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர். இது கர்த்தர் காட்டிய வழி என்றார். ஆனால் ஒரு நிபந்தனையும் போட்டார்.

"மூத்தவன் வெறுங்கையோட விட்டுட்டுப் போனான். அவன் பெஞ்சாதி ஜெபகனி எரிஞ்ச அடுப்பு மாதிரி நிக்கா. இளையவனுக்கு இன்ஷூரன்ஸ் எழுதாம நான் கப்பல் ஏத்த மாட்டேன்."

அதனால்தான் பிள்ளை திருநெல்வேலி டவுனிலிருந்து மூன்று திட்டங்களோடு வந்திருந்தார். முதலாவது, கப்பல் மூழ்கினால் மட்டும். இரண்டாவது, கப்பலும் கரையும் சேர்ந்தது. ஆனால் காய்ச்சலும் காலராவும் சேராது. மூன்றாவது, எங்கே செத்தாலும், எப்படிச் செத்தாலும். ஜவுளிக்கடையில் சேலை விரிக்கிறவரைப் போல ஒவ்வொன்றாக விரித்துக் காட்டினார்.

வாத்தியார் அவசரப்படவில்லை. வேதத்தில் பரீட்சை வைக்கிறவர், கம்பெனியை மட்டும் சும்மா விடுவாரா?

"கப்பல் மூழ்கல. இவன் மட்டும் கடல்ல விழுந்து, வேதத்துல வார யோனாவை மாதிரி ஒரு மீன் முழுங்கிட்டுன்னு வையும்."

"அது மூணாவது திட்டத்துல வரும் அண்ணாச்சி. கம்பெனி குடுக்கும்."

"மூணாம் நாள் கரையில கக்கிட்டா?"

பிள்ளை தலையைச் சொறிந்தார். "கக்கிட்டா குடுக்காது."

"அப்ப உம்ம கம்பெனி நம்ம பக்கமா, மீன் பக்கமா?"

பிள்ளை விரித்த திட்டங்களைத் திரும்ப அடுக்கினார். கதவுக்குப் பின்னால் சாலோமி நாலாவது திட்டம் ஒன்று வரும் என்று காத்திருந்தாள். போகாமலே இருந்துவிடுவதற்கு. பிள்ளையின் பையில் அது இல்லை.

வாத்தியார் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தார். அதற்குத்தான் டாக்டர் வந்து உடம்பைப் பார்க்கவேண்டும் என்று பிள்ளை சொன்னார். அடுத்த வாரம் டாக்டரோடு வருவதாகவும், அதற்குள் நெஞ்சு சுத்தமாக இருக்கவேண்டும் என்றும் சொல்லி எழுந்தார். வாசலில் நின்று குரலைத் தாழ்த்தினார்.

"கம்பெனி தள்ளினவன்னு பேர் வந்துட்டா ஊர்ல சயரோகம்னு சொல்லிருவாவ அண்ணாச்சி. பொறவு உள்ளூர் வேலையும் கிடைக்காது. பாத்துக்கிடுங்க."

அந்த வீட்டில் மாமனார் காது கேட்க மருமகள் கணவனோடு பேசுவதில்லை. வாத்தியாருக்குக் கண் மங்க மங்கக் காது கூர்மையாகிக்கொண்டே வந்தது. ஜெபகனி தனியே படுத்தால் பதறி எழுகிறாள் என்று சாலோமி அவளோடு உள்ளறையில் படுத்தாள், ஆண்கள் முன்கூடத்தில். ஆகவே புருஷனும் பெண்சாதியும் பேசவேண்டியதையெல்லாம் கொல்லையில் கட்டியிருந்த வெள்ளாட்டிடம் சொன்னார்கள். அவன் ஆட்டைப் பார்த்து வேட்டி காய்ந்துவிட்டதா என்பான். அவள் ஆட்டைப் பார்த்துக் கொடியில் கிடக்கிறது என்பாள். ஆடு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு அசைபோடும்.

பிள்ளை போன பிறகு அப்பாத்துரை கொல்லைக்கு வந்து ஆட்டின் கழுத்தைத் தடவினான்.

"ரங்கூன் நல்ல ஊருன்னு சொல்லுதாவ. போகலாமான்னு கேக்கேன்."

போகாண்டாம் என்ற சொல் சாலோமியின் தொண்டைவரை வந்துவிட்டது. அதே சமயம் அடுக்களையில் ஜெபகனி நெல் குத்தும் சத்தம் கேட்டது. தாலியற்ற பெண்ணுக்கும் கண் தெரியாத கிழவருக்கும் சோறு போட இந்த வீட்டில் மிச்சமிருப்பது ஒரே ஓர் ஆண்பிள்ளை. வந்தவள் புருஷனை முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டாள் என்று ஊர் சொல்லும். ரங்கூன் என்று சொல்லும்போது அவன் குரல் வேறு ஒரு மாதிரி நடுங்கியது. ஆசையில்தான் நடுங்குகிறது என்று அவள் நினைத்தாள்.

"நல்ல ஊர்னா போகத்தான வேணும்" என்று ஆட்டிடம் சொன்னாள்.

அவன் ஆட்டின் கழுத்திலிருந்து கையை எடுத்தான். "அதுவும் சரிதான்" என்று ஆட்டிடம் சொல்லிவிட்டுப் போனான்.

அன்று மாலையே அவள் சுக்கும் மிளகும் திப்பிலியும் தட்டிப்போட்டுக் கஷாயம் வைத்தாள். காரம் தெரியாமலிருக்கச் சாத்தான்குளத்துக் கருப்பட்டி ஒரு வட்டு நுணுக்கிப் போட்டாள். அம்மியில் தட்டும்போது ஜெபகனி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நானும் அவியளுக்கு இப்படித்தான் சுக்கு இடிச்சுக் கட்டிக் குடுத்தேன்" என்றாள். "பொட்டியில அப்படியே திரும்பி வந்துச்சு. முடிச்சைக்கூட அவுக்கல."

சாலோமி மேற்கொண்டு ஒரு கைப்பிடி மிளகு போட்டாள்.

கஷாயம் குடித்த இரவு இருமல் அடங்கியது. விடிந்ததும் திரும்ப வந்தது. அவள் பங்கைக் கூட்டினாள். இரவு அடங்கியது, விடிந்தால் இருமல். மார்கழி மாதம், பனி வேறு. இதற்குள் அப்பாத்துரைக்குப் புதிதாக ஒரு பக்தி பிடித்திருந்தது. இருட்டோடு எழுந்து, கொக்கிரகுளம் பக்கம் ஆற்றங்கரைக்குப் போய் ஜெபம் பண்ணிவிட்டு வருகிறேன் என்று தகப்பனாரிடம் சொன்னான். தலை ஈரமாகத் திரும்பி வந்தான்.

"தாவீது ராஜாவும் அதிகாலையில்தான் தேடினாரு" என்று வாத்தியார் கோயிலில் எல்லாரிடமும் சொன்னார். ஊரே மெச்சியது. சாலோமி மட்டும், ஜெபத்துக்குத் தலையை ஏன் நனைக்கவேண்டும் என்று ஆட்டிடம் கேட்டாள். ஆடு அதற்குப் பதில் வாங்கித் தரவில்லை.

வாத்தியாரை வழியில் பார்த்த பிள்ளை இன்னொரு குண்டைப் போட்டார். நெஞ்சுக்கூடு அகலம் பார்ப்பார்களாம். ஒல்லிக்குச்சியாக இருந்தால் தள்ளிவிடுவார்களாம். அன்றிலிருந்து உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் அப்பாத்துரையின் இலையில் விழுந்தன. அவன் கொல்லைப்பக்கம் காற்றாட உட்கார்ந்து சாப்பிடுவதாக எடுத்துக்கொண்டு போனான். வெறும் இலை திரும்பி வந்தது. நாலு நாளில் சதை போட்டது அவன் இல்லை, வீட்டு நாய் சிப்பாய். அது நடக்கமுடியாமல் வாசற்படியில் கிடந்து ஏப்பம் விட்டது.

"நாய் திருடித் தின்னுது போல" என்றாள் ஜெபகனி. சாலோமி நாயைக் கட்டிப்போட்டாள். இரண்டு வேளை அவன் வேறு வழியில்லாமல் தின்றான். பாவம், என்ன பசியோ, கண் கலங்கித் தின்கிறார் என்று அவளுக்கு மனம் இளகியது.

கடைசியாக, டாக்டர் சிறுநீரையும் சோதிப்பார், சர்க்கரை இருந்தால் கதை முடிந்தது என்ற செய்தி வந்தது. இத்தனை நாளும் கஷாயத்தில் கருப்பட்டியைக் கொட்டியது சாலோமிதானே. அன்றே நிறுத்தினாள். கருப்பட்டிப் பானையைப் பரண்மேல் ஏற்றினாள். மறுநாள் மத்தியானம் விறகெடுக்கப் போனபோது, ஏணிமேல் நின்றுகொண்டு, இரண்டு கன்னமும் உப்ப, அப்பாத்துரை கருப்பட்டி தின்றுகொண்டிருந்தான். இனிப்பென்றால் முகத்தைச் சுளிக்கிற மனுஷன். அவளைக் கண்டதும் விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றான். கடல் தாண்டிப் போகிறவர், ஊர் ருசியை இப்போதே வாயில் அடைத்துக்கொள்கிறார் என்று நினைத்து, அவள் பரணுக்கு அடியில் நின்று சத்தமில்லாமல் அழுதாள்.

டாக்டர் வருவதற்கு முந்தின நாளே பிள்ளை ஒரு கண்ணாடிக் குப்பியை அனுப்பியிருந்தார். டாக்டர் வரும் நாள் காலையில் அப்பாத்துரை அதை நிரப்பிக் கொல்லைச் சுவரோரம் வைத்துவிட்டு ஆற்றுக்குப் போயிருந்தான். சாலோமி போய்ப் பார்த்தபோது குப்பியின் கழுத்தைச் சுற்றி எறும்பு. சுவரிலிருந்து ஒரே சாரையாக வந்து, மூடியைச் சுற்றிக் கும்மியடித்தது.

எறும்பு மொய்த்தால் என்ன அர்த்தம் என்று அந்த ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். அவள் நின்ற நிலையில் கர்த்தரை நினைத்துக்கொண்டாள். குப்பியைக் கவிழ்த்தாள். சாம்பல் போட்டுக் கழுவினாள். பிறகு அதை எதனால் நிரப்பினாள் என்பது அவளுக்கும் கர்த்தருக்கும் மட்டுமே தெரியும். ஆடு பார்த்தது, ஆனால் அது இதுவரை எதையும் வெளியே சொன்னதில்லை.

டாக்டர் வந்தார். குப்பியிலிருந்து கொஞ்சம் எடுத்து, மருந்து கலந்து, விளக்கில் காட்டிச் சூடாக்கினார். இவ்வளவு சுத்தமாக நான் பார்த்ததில்லை என்றார். மார்பை அளந்தார், அந்த இரண்டு வேளை களியின் புண்ணியமோ என்னவோ, அளவு சரியாக இருந்தது. நெஞ்சில் குழலை வைத்து இருமச் சொன்னார்.

அப்பாத்துரை இருமினான். அவள் ராத்திரி கொடுத்திருந்தது மூன்று பங்கு மிளகு. நெஞ்சிலிருந்து ஒன்றும் வரவில்லை. இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று அவனாகவே இருமிப் பார்த்தான்.

"போதும்" என்றார் டாக்டர். "இது கோயில்ல பிரசங்கம் நீண்டா இருமுற இருமல். நெஞ்சு வெங்கலம் மாதிரி இருக்கு."

வாத்தியார் அங்கேயே முழங்காலில் நின்று ஸ்தோத்திரம் சொன்னார். அப்பாத்துரையின் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் வழிந்தது. இவ்வளவு சந்தோஷமா என்று கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்த சாலோமி, தான் செய்ததெல்லாம் வீண்போகவில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். தேறவில்லை.

வழியனுப்பு ஜெபம் நடந்தது. அண்ணனுடைய தகரப்பெட்டியையே துடைத்து, அப்பாத்துரையின் துணிமணிகளை ஜெபகனிதான் அடுக்கினாள். முகம்மது மைதீனின் மாட்டுவண்டியில் எல்லாரும் ரயிலடிக்குப் போனார்கள். மதராஸ் வரை ரயில், அப்புறம் கப்பல்.

ரயிலடி வாசலில் பெட்டியை இறக்கினார்கள். வாத்தியார் மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு சங்கீதம் சொல்லிக்கொண்டிருந்தார். சாலோமி சுற்றுமுற்றும் பார்த்தாள். ஆட்டைக் கொண்டுவரவில்லை.

அப்பாத்துரை வண்டியருகே வந்து, வலத்து மாட்டின் நெற்றியில் கை வைத்தான்.

"உடம்பைப் பாத்துக்கிடணும்" என்றான்.

சாலோமி இடத்து மாட்டின் கொம்பைப் பிடித்துக்கொண்டாள். "நேரத்துக்குச் சாப்பிடணும். சுக்கு முடிச்சு பொட்டியில இருக்கு. அவுக்கணும்."

"அவுக்கேன்" என்றான் மாட்டிடம்.

ரயில் போய்விட்டது. வாத்தியார், வழியனுப்ப வந்திருந்த ஏஜெண்டு பிள்ளையோடு கோயில்வரை நடந்து வருவதாகச் சொல்லிவிட்டார். திரும்பும் வண்டியில் சாலோமியும் ஜெபகனியும் மட்டும் இருந்தார்கள். வண்டி ஆற்றுப் பாலம் ஏறியது. கீழே கொக்கிரகுளம் படித்துறை தெரிந்ததும் மைதீன் மாட்டைப் பையத் தட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"அந்தா, அங்கனதான் தாயி, நான் விடியக்காலம் மாடு குளுப்பாட்டுதது. அப்பாத்துரை தம்பியும் தெனம் வரும். யாருட்டயும் சொல்லக் கூடாதுன்னுச்சு. இனிமே சொன்னா என்ன. அந்தக் குளிர்ல கழுத்து மட்டும் தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டு, 'அண்ணாச்சி, இன்னும் எம்புட்டு நேரம் நின்னா சளி நெஞ்சுல இறங்கும், நம்மளை அனுப்பாம விட்டுருவாவ'ன்னு பல்லு தந்தியடிக்கக் கேக்கும். ரெண்டு நாள் நின்னாலே இறங்கிரும்னு நானும் சொன்னேன். எங்க இறங்குச்சு? வீட்ல யாரோ நல்ல கைராசிக்காரவ மருந்து குடுத்துட்டாவ போல."