பேஸ்பால் அண்ணாச்சியும் ஒரு ஃப்ரிட்ஜும்

தூத்துக்குடியில் கிரிக்கெட் மட்டை பிடித்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். பந்தை அடித்த மறுநொடி மட்டையைத் தூர வீசிவிட்டு ஓடியவர் உலகத்திலேயே எங்கள் பேஸ்பால் அண்ணாச்சி ஒருத்தர்தான்.

கப்பலில் பெயிண்ட் அடிக்கும் வேலை பார்த்தவர். ஜப்பானில் கப்பல் பழுதாகி நின்ற மாதங்களில், அங்கிருந்த மாலுமிகளோடு பேஸ்பால் ஆடிப் பழகிவிட்டார். அந்த ஆட்டத்தில் அடித்ததும் மட்டையைப் போட்டுவிட்டு ஓட வேண்டுமாம். ஊர் திரும்பி, துறைமுகத்தில் கிரேன் ஓட்டப் போன பிறகும் பழக்கம் போகவில்லை. கேட்டால், “மட்டை அடிக்கத்தானலே. ஓடுறதுக்கு அது எதுக்கு?” என்பார்.

உப்பள முதலாளிகள் சேர்ந்து, ஆடுகிறவர்களுக்குச் சம்பளம் கொடுத்து ஒரு போட்டி நடத்தினார்கள். எங்கள் ஊரில் காசு வாங்கி ஆடிய முதல் சீசன் அதுதான். நானும் அண்ணாச்சியும் துறைமுக அணி. அவர் அடித்த பந்துகள் உப்பளத்தில் விழுந்தன. வீசிய மட்டைகள் அம்பயர்கள் மேல் விழுந்தன. லெக் அம்பயர் ஒருவர் ஹெல்மெட் போட்டுக்கொண்டுதான் நின்றார். எங்கள் கேப்டன் மட்டையை அண்ணாச்சியின் மணிக்கட்டோடு வலைக்கயிற்றால் கட்டிவிட்டார். அண்ணாச்சி அதையும் பல்லால் கடித்து அவிழ்த்துவிட்டார்.

சீசனில் அதிக ரன் எடுப்பவருக்கு ஃப்ரிட்ஜ் பரிசு. அண்ணாச்சியின் மனைவி, எங்கள் மதினி, அடுக்களையில் அரிசி டிரம்மை நகர்த்தி இடம் பண்ணி வைத்துவிட்டார். போட்டிக்கு நின்றவர் காயல்பட்டினத்துக் காக்கா ஒருவர்; அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். துபாயிலிருந்து லீவில் வந்து, லீவை நீட்டிக்கொண்டே ஆடியவர்.

ஃபைனலில் காக்கா முதலில் ஆடி முடித்தார். அண்ணாச்சி ஒரே ஒரு ரன் பின்னால். சமமானால் சிக்ஸர் அதிகம் அடித்தவருக்குப் பரிசு. அதில் அண்ணாச்சியை நெருங்க ஆள் இல்லை. எதிர்முனையில் நின்ற நான், மட்டையை மட்டும் விட்டுவிட வேண்டாம், நீட்டினால் கோட்டைத் தொட்டுவிடலாம் என்று கெஞ்சினேன். தலையாட்டினார். அடித்தார். மட்டை ஒரு பக்கம் பறந்தது, அவர் என் முனைக்குப் பறந்து வந்து காலை நீட்டிச் சறுக்கினார். காக்கா எறிந்த பந்து ஸ்டம்பைச் சாய்த்தது. ஒரே புழுதி. அம்பயர் விழித்தார். அண்ணாச்சியே எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, “கால் ஒரு சாண் வெளியே கெடந்துச்சு. அவுட்டுதான்” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

மறுநாள் லோடு ஆட்டோவில் ஃப்ரிட்ஜை ஏற்றிக்கொண்டு காக்காவே வந்து நின்றார். தன் வீட்டில் ஏற்கனவே இரண்டு இருப்பதாகவும், மூன்றாவதை வைக்க இடமில்லை என்றும் சொன்னார். அண்ணாச்சி வாசலை மறித்துக்கொண்டார். அவுட்டான ஆள் வீட்டுக்குப் பரிசு வரக்கூடாதாம். பேச்சு வளர்ந்து தெருவே கூடிவிட்டது.

மதினி வெளியே வந்தார்.

“நீங்கதான அவுட்டு. நான் அவுட்டா?”

ஃப்ரிட்ஜ் உள்ளே போனது.

மறு வருஷம் முதலாளிகள் கைவிரித்ததால் போட்டி நடக்கவில்லை. ஆனால் காக்கா லீவுக்கு வரும்போதெல்லாம் ஜில்லென்று மோர் குடிக்க அங்கே வந்தார். இப்போது துபாயை விட்டே வந்துவிட்டார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் பைக் நேராக அண்ணாச்சி வீட்டுக்குத்தான் வருகிறது. அன்றைக்கு அது அவுட்டே இல்லை என்று காக்காவும், அவுட்டுதான் என்று அண்ணாச்சியும் இன்னும் சண்டை போடுகிறார்கள்.

சென்னையிலிருந்து ஊருக்குப் போனால், ரயிலடியில் இறங்கிப் பெட்டியோடு நான் முதலில் போவதும் அங்கேதான். என் சொந்த அண்ணனுக்கு அதில் தீராத வருத்தம்.