தைரியம் சொல்லப் போனவன்

எங்கள் பக்கத்தில் தைரியம் என்பது ஒருவரிடம் இருக்கிற பொருள் அல்ல. அடுத்தவருக்குச் சொல்கிற பொருள். யாராவது ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால் போதும், ஆப்பிளும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு, "ஒரு எட்டுப் போயி தைரியம் சொல்லிட்டு வாரேன்" என்று கிளம்பிவிடுவார்கள். சொல்கிறவருக்கு அது இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

உசிலம்பட்டியிலிருந்த என் தாய்மாமனை இதய ஆபரேஷனுக்காக மதுரையில் சேர்த்திருந்தார்கள். அவர் தன் மாட்டை அதட்டினால் பக்கத்துத் தோட்டத்து மாடும் நின்றுவிடும். அப்பேர்ப்பட்டவர், ஆபரேஷன் வேண்டாம், வீட்டுக்குப் போகிறேன் என்று அடம்பிடித்தார். செய்யாவிட்டால் அதிக நாள் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வந்த உறவுகள் சொன்ன தைரியமும் லேசுப்பட்டதல்ல. தன் பக்கத்து வீட்டுக்காரருக்கும் இதே ஆபரேஷன்தான் நடந்தது, பாவம் நல்ல மனுசன் என்று ஒருவர் பெருமூச்சு விட்டுவிட்டுப் போனாராம்.

அம்மா எனக்குப் போன் செய்தாள். "மேடையிலெல்லாம் பேசுறவன் நீ. நீ சொன்னா தம்பி கேப்பான்." (கல்லூரியில் 'அஞ்சாமை' என்ற தலைப்பில் பேசி எவர்சில்வர் குடம் வாங்கியவன் நான். குடம் லேசாக ஒழுகும்.) வில்லாபுரத்தில் இருக்கும் என் வீட்டிலிருந்து போகிற வழியெல்லாம் பைக்கிலேயே ஒத்திகை பார்த்தேன்.

நான் நுழைந்தபோது நர்ஸ் மாமாவின் கையில் ஊசி ஏற்றிக்கொண்டிருந்தார். "மாமா, மனுசனாப் பொறந்தா..." என்று ஆரம்பித்தது வரை நினைவிருக்கிறது. குழாயில் ரத்தம் ஏறுவது கண்ணில் பட்டது.

விழித்தபோது மாமாவின் கட்டிலில் நான் கிடந்தேன். எனக்குக் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. ஊசி குத்திய கையாலேயே மாமா எனக்கு விசிறிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து வந்த தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர், முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் என் காலைத் தடவி, எல்லாம் நல்லபடியாக முடியும் என்று சொல்லி, ஆப்பிளை என் தலைமாட்டில் வைத்தார். மாமா வயிறு குலுங்கச் சிரித்தார். ஆஸ்பத்திரிக்கு வந்து அவர் சிரித்தது அப்போதுதான்.

"இம்புட்டு ஒடம்ப வச்சுக்கிட்டு இதுக்கா விழுகுற? பயப்படாத மாப்ள, நா இருக்கேன்ல," என்றார். பிறகு நர்ஸிடம் திரும்பி, ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று டாக்டரிடம் சொல்லச் சொன்னார்.

மறுநாள் ஆபரேஷன் நடந்தது. மாமா பிழைக்கவில்லை. அவர் கேட்டபடி வீட்டுக்குப் போகவிட்டிருந்தால் இன்னும் கொஞ்ச காலம் இருந்திருப்பாரோ என்கிற நினைப்பு இன்றுவரை என்னை விடவில்லை.

நான் மயங்கி விழுந்தது மட்டும் குடும்பத்தில் சிரிப்புக் கதையாகிவிட்டது. யாரைச் சேர்த்தாலும், "அவன் வாரானா? அப்பக் கூட ஒரு கட்டில் சொல்லிருங்க," என்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். மாமாவின் மனைவி, என் அத்தை, மட்டும் சிரித்ததில்லை. அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூசும்.

போன மாதம் அத்தைக்குக் கண் ஆபரேஷன். பிள்ளைகள் உள்ளே இருந்தார்கள். நான் வராந்தாவிலேயே நின்றுகொண்டேன். அத்தை ஆள் விட்டுக் கூப்பிட்டார். போனேன். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம்யா. ஒங்க மாமாவுக்குச் செஞ்ச மாதிரி, செத்த நேரம் பக்கத்துல பயந்துக்கிட்டு இரு."

அதை மட்டும் குறையில்லாமல் செய்தேன்.