இருப்பதிலேயே அகலமான சீட்

கடலோரப் பயணத்தில் இந்தத் தடவை மாமியாருக்குக் காரில் இடம் கிடையாது. அலமாரிக்காரர் முடிவு பண்ணிவிட்டார். பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது எடுத்த முடிவு. வாய் நிறைய நுரை இருந்ததால் உடனே வீட்டில் அறிவிக்க முடியவில்லை. வாய் கொப்பளித்து முடிப்பதற்குள் தைரியமும் தண்ணீரோடு போய்விட்டது. ஆனால் முடிவு முடிவுதான். வெளியே சொல்ல முடியாத முடிவுகள்தான் அவரிடம் அதிகம்.

வீடு வீடாகப் போய்ச் சுவரை அளந்து அலமாரி பொருத்தித் தருகிற கம்பெனியில் அவருக்கு வேலை. அளவெடுப்பது அவர் பொறுப்பு. இடுப்பில் எந்நேரமும் ஒரு டேப் இருக்கும். கதவு, ஃப்ரிட்ஜ், கட்டில் எதைப் பார்த்தாலும் கை தன்னால் அங்கே போய்விடும். பாப்பா பிறந்தபோது நர்ஸ் வெளியே வந்து எடையைச் சொன்னதும், "அது இருக்கட்டும் சிஸ்டர், நீளம் என்ன?" என்று கேட்ட மனிதர். ஆள் ஒட்டடைக்குச்சி மாதிரி. உயரத்துக்குக் குறைவில்லை, அகலத்தைத்தான் தேட வேண்டும்.

மாமியார்மேல் அவருக்கு விரோதம் ஒன்றும் இல்லை. பேத்தி பிறந்தபோது "ஒரு மாசம் இருந்துட்டுப் போறேன்" என்று வந்த அம்மாள், ஒரு வருஷமாகியும் அந்த மாசத்தை முடிக்கவில்லை. அதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். வீட்டுக்குள் மாமியார் தங்கம். காரில் ஏறினால்தான் தகராறு. காரணம், அந்த அம்மாள் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை போனதே தவிரப் பழக்கம் போகவில்லை.

போன பயணத்தில் பின்சீட்டில் உட்கார்ந்து வழி நெடுக "ரைட்... ரைட்... ஹோல்டான்!" என்று கதவைத் தட்டிக்கொண்டே வந்தார். சாலை ஓரத்தில் குடையோடு நின்ற ஒரு பெரியவரைப் பார்த்து, "மாப்பிள்ளை, நிறுத்துங்க, ஆள் ஏறணும்" என்றார். அலமாரிக்காரரும் பயத்தில் நிறுத்தித் தொலைத்தார். பெரியவரும் ஏறி உட்கார்ந்துவிட்டார். அடுத்த ஊர் வந்த பிறகுதான் அவரை இறக்க முடிந்தது. இறங்கும்போது அவர், "டிரைவர் சரியில்லம்மா, மேல எழுதிப் போடுங்க" என்று மாமியாரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அதுதான் அலமாரிக்காரருக்கு ஆறாத புண். டிரைவர் சீட் அவருக்குச் சிம்மாசனம். வீட்டில் டிவி ரிமோட் மாமியார் கையில். பீரோ சாவி மனைவி கையில். செல்போன் பாப்பா வாயில். அவர் திருப்பினால் திரும்புகிற ஒரே பொருள் இந்த உலகத்தில் ஸ்டியரிங்தான். மனைவிக்கும் லைசென்ஸ் உண்டு. கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. சாவி கேட்கும்போதெல்லாம், "இன்னிக்கு மழை", "இன்னிக்கு வெயில்", "வண்டிக்கு என் கைதான் பழக்கம், வேற கை பட்டா மிரளும்" என்று ஏதாவது சொல்லித் தட்டிக்கழித்துவிடுவார். அவளும் சிரித்துக்கொண்டு போய்விடுவாள். அவள் வேலை பார்ப்பது பல் டாக்டரிடம். எதிராளியை வாய் திறந்தபடி உட்கார வைத்து, ஒரு வார்த்தை பேச விடாமல் காரியத்தை முடிக்கிற வேலை. இதை அவர் ஞாபகத்தில் வைத்திருக்கலாம்.

அன்று சாயங்காலம் அவளே பேச்சை எடுத்தாள்.

"ஏங்க, பாப்பாவுக்கு கார் சீட் வாங்கணும். இனிமே மடியில வச்சுக்கிட்டுப் போகவே கூடாதுன்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டார்."

"வாங்கிட்டாப் போச்சு."

"ஆனா பாத்து வாங்கணும். சிலது பின்சீட்ல பாதிய அடைச்சுக்குமாம். அப்புறம் அம்மாவுக்கு இடம் இருக்காது."

அவர் தலைக்குள் டேப் சரக்கென்று திறந்துகொண்டது. என்ன சொன்னாய்? இன்னொரு முறை சொல்! அம்மாவுக்கு இடம் இருக்காதா? யாரையும் வரவேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. முகத்தை முறித்துக்கொள்ள வேண்டியதில்லை. பழியெல்லாம் சீட்டின் மேல். பாம்பும் சாகும், கம்பும் உடையாது.

"நீ கவலைப்படாதே. அளவு விஷயம் எங்கிட்ட விட்டுடு" என்றார். வாழ்க்கையிலேயே அவ்வளவு உற்சாகமாக அவர் ஒரு வீட்டு வேலையை ஏற்றுக்கொண்டதில்லை.

முதலில் காரின் பின்சீட்டை அளந்தார். அடுத்து அளக்க வேண்டியது மாமியாரை. அந்த அம்மாள் மதியச் சாப்பாடு முடிந்து, சோபாவில் சாய்ந்து கண்மூடும் நேரம் பார்த்து, பூனை மாதிரி போய் டேப்பை இழுத்தார். ஒரு முழங்கையிலிருந்து இன்னொரு முழங்கை வரைக்கும். அவர் எதிர்பார்த்ததைவிட அகலம் ஒரு சாண் கூடுதலாகவே இருந்தது. சந்தோஷத்தில் விசில் அடிக்கப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

"என்னங்க பண்றீங்க?" மனைவி வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

"சோபாவை அளக்கறேன்."

"சோபா மேல அம்மா இருக்காங்களே."

"அதான்... அம்மா போக மிச்சம் எவ்வளவு இருக்குன்னு..."

"ஓ" என்றாள் அவள். அவ்வளவுதான். ஒரு எழுத்து. அதில் எவ்வளவு ஆழம் என்று அளக்க அவரிடம் டேப் இல்லை.

கடையில் சீட்டுகள் வரிசையாக இருந்தன. கடைப்பெண் ஒரு பொம்மைக் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு அன்பாக ஆரம்பித்தாள்.

"குழந்தை எத்தனை கிலோ சார்?"

"குழந்தையை விடும்மா. இருக்கிறதிலேயே அகலம் எது?"

"அகலமா? எல்லாரும் இடத்தை அடைக்காததுதான் சார் கேப்பாங்க."

"எல்லாருக்கும் மாமி..." என்று ஆரம்பித்து, "எல்லாருக்கும் மாமூலா வேணும்னா அது சரி. எங்களுக்கு விசாலமா வேணும்" என்று முடித்தார். நெற்றியில் வேர்த்துவிட்டது.

மனைவி ஒரு ஒல்லியான சீட்டைத் தொட்டுப் பார்த்தாள். "இது போதுமேங்க. அடக்கமா இருக்கு. பக்கத்துல அம்மாவும் தாராளமா உக்காரலாம்."

அவ்வளவுதான், அலமாரிக்காரருக்கு ஆவேசம் வந்துவிட்டது. "பாதுகாப்புல போய் சிக்கனமா? பெத்த பிள்ளைக்கு இடம் கொடுக்கறதுல கஞ்சத்தனமா? நான் அப்பன்! என் மனசு கேக்காது!"

கடைப்பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்ட தகப்பன்களும் உலகத்தில் இருக்கிறார்களே என்று, மூலையில் கிடந்த ஒன்றை இழுத்து வந்தாள். அதைச் சீட் என்று சொல்வதே தப்பு. ஒரு சின்ன வீடு. வாடகைக்கு விடலாம்.

"ஆனா சார், இதுல குழந்தை பின்பக்கம் பாத்துதான் உக்காரணும். நல்லா சாஞ்சிருக்கும். அதனால முன்னாடி இருக்கிற சீட்டை நிறைய முன்னாடி தள்ள வேண்டி வரும்."

"தள்ளலாம், தள்ளலாம். பாப்பா எந்தப் பக்கம் வேணா பாக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே டேப்பை வைத்தார். பின்சீட்டில் மிஞ்சப்போகிற இடத்தை மனக்கணக்காகப் போட்டார். மாமியார் அளவுக்கு நன்றாகவே இடித்தது. "இதையே போடும்மா!"

மனைவி பாவம், தலையைக் குனிந்துகொண்டாள். வருத்தம் என்று நினைத்தார் அவர்.

புறப்படுகிற நாள் காலை. பக்கத்து சீட்டை முழுசாக முன்னுக்குத் தள்ளி, அதற்குப் பின்னால் அந்த மாளிகையை மாட்டி முடித்தார். மாமியார் பையைத் தோளில் குறுக்காக மாட்டிக்கொண்டு, டூட்டிக்குக் கிளம்பியவர் போல வந்து நின்றார். அலமாரிக்காரர் ஒருமுறை மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வராத துக்கத்தை வலுக்கட்டாயமாக வரவழைத்தார்.

"அத்தை, எப்படிச் சொல்றதுன்னே தெரியல. உங்களுக்கு... இடமே இல்ல அத்தை!"

"என்னது? நாப்பது பேர் வண்டியில எண்பது பேர ஏத்தினவ நான். எனக்கே இடமில்லையா?"

"அது பஸ், இது கார். முன்சீட்டைத் தள்ளியாச்சு, அங்க உங்க முட்டி மடங்காது. குட்டையா இருக்கிறதால உங்க பொண்ணு மட்டும்தான் ஒண்டி உக்காரலாம். பின்னாடி மிச்சம் இருக்கிறதுல நீங்க உக்காந்தா கதவு சாத்தாது. வேணும்னா அளந்து காட்டறேன்." டேப்பை இழுத்துக் காட்டினார். அளவு பொய் சொல்லுமா? "என்ன பண்றது, வீட்டைப் பாத்துக்க ஒருத்தர் வேணும்தானே. உங்களுக்குச் சங்கு வாங்கிட்டு வர்றேன்."

மாமியார் மகளைப் பார்த்தார். மகள் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"ஏங்க, இந்த சீட்டை அந்தப் பக்கம் மாத்தினா?"

"எந்தப் பக்கம்?"

"உங்க சீட்டுக்குப் பின்னாடி. அப்ப அம்மாவுக்கு முன்சீட்டை நல்லாப் பின்னாடி இழுத்துக் குடுத்துடலாம்."

அலமாரிக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "மாத்தலாமே! அப்புறம் டிரைவர் சீட்டை முன்னாடி தள்ளணும். ஸ்டியரிங் என் நெஞ்சுல குத்தும். என் காலை வெட்டி டிக்கியில போட்டுக்கவா?"

"வேணாங்க. உங்க கால் உங்ககிட்டயே இருக்கட்டும். நான் ஓட்டறேன்."

சிரித்த வாய் திறந்தபடியே இருந்தது. அதற்குள் பாப்பாவை அவர் கையில் கொடுத்துவிட்டு அவள் வேலையை ஆரம்பித்துவிட்டாள். சடக், சடக் என்று நாலே சத்தம். சீட் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டது. அதை மாட்டுவதற்கு அவருக்கு அரைமணி நேரம் பிடித்திருந்தது. இவள் எப்போது கற்றுக்கொண்டாள்? பாப்பாவை வாங்கி உள்ளே வைத்து பெல்ட் போட்டாள். டிரைவர் சீட்டை முன்னுக்குத் தள்ளி ஏறி உட்கார்ந்தாள். ஸ்டியரிங் அவளுக்கு இடிக்கவும் இல்லை, எட்டாமலும் இல்லை. மாமியார் முன்சீட்டில் காலை நீட்டிச் சாய்ந்துகொண்டார்.

தெருவில் நின்றது அலமாரிக்காரரும் டேப்பும் மட்டும்.

"அப்ப... நான்?"

"உள்ள போங்க மாப்பிள்ளை, உள்ள போங்க! உள்ள இடம் இருக்கு!" என்றார் மாமியார்.

இருந்தது. அதுதான் கொடுமை. கதவுக்கும் சீட்டுக்கும் நடுவில் மாமியாருக்குப் போதாத அந்த இடத்தில் அவர் ஒட்டடைக்குச்சி மாதிரியே செருகிக்கொண்டார். காரை அளந்தார், மாமியாரை அளந்தார், கடையில் இருந்த அத்தனை சீட்டையும் அளந்தார். தன்னை அளக்க மட்டும் மறந்துவிட்டார்.

"பத்து நிமிஷம் பொறும்மா" என்று கெஞ்சினார். "கடையைத் திறந்திருப்பாங்க. நீ அன்னிக்குச் சொன்னியே, அந்த ஒல்லி சீட், அதையே மாத்திக்கிட்டு வந்துடறேன்."

"சேச்சே, பாதுகாப்புல போய் சிக்கனமா? நீங்க அப்பனாச்சேங்க!"

வண்டி கிளம்பியது. தூக்கிப் போடாமல், இழுக்காமல், வெண்ணெயில் கத்தி இறங்குவது போலப் போனது. மோசமாக ஓட்டியிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவளோ ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். இத்தனை வருஷமும் சிரித்துக்கொண்டே போனவளை இப்படி வாயெல்லாம் பல்லாக அவர் பார்த்ததில்லை. வயிறு எரிந்தது. அவள் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கப் பார்க்கக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அந்தப் பெருமை வந்ததில் இன்னும் எரிந்தது.

மாமியார் முன்சீட்டிலிருந்து ஒரு தடவைகூட கதவைத் தட்டவில்லை. "டிரைவர் சரியா இருந்தா கண்டக்டருக்கு என்ன வேலை?" என்றார். பிறகு திரும்பிப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, அன்னிக்கு நான் தூங்கல. உங்க டேப் சில்லுன்னு இருந்துச்சு."

"அத்தை..."

"ஆசையா அளக்கறீங்களேன்னு ரெண்டு முழங்கையையும் நல்லா அகட்டிக் குடுத்தேன். சரியா வந்துச்சா அளவு?"

கண்ணாடியில் மனைவியின் தோள் குலுங்கியது. கடையில் தலையைக் குனிந்துகொண்டபோதும் அது இப்படித்தான் குலுங்கியிருக்க வேண்டும் என்று இப்போது புரிந்தது. தாயும் மகளுமாகச் சேர்ந்து அவர் கையாலேயே குழி வெட்ட வைத்திருக்கிறார்கள். அதுவும் எவ்வளவு விசாலமான குழி!

பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்த பாப்பா அப்பாவைத் திரும்பிப் பார்த்து அழ ஆரம்பித்தது. அவர் "மியாவ்" என்றார். அழுகை நின்றது. மியாவ் நின்றதும் அழுகை தொடங்கியது. அதன் பிறகு நாய், மாடு, ரயில் என்று ஒன்றுவிடாமல் கத்த வேண்டியிருந்தது. தொண்டை கட்டிப்போன ஒரு நேரத்தில், மானத்தையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டார்.

"சரிம்மா. இந்த ஒரு பயணம் போகட்டும். ஊருக்குத் திரும்பினதும் சீட்டை முன்பக்கம் பாத்துத் திருப்பி மாட்டிடுவோம். அப்ப நிறைய இடம் கிடைக்கும். வண்டிய நானே ஓட்டறேன். என்ன?"

"நீங்க ஓட்டாம யாருங்க ஓட்டப் போறா?" என்றாள் மனைவி இதமாக. "ஆனா இந்த மாடலை, குழந்தைக்கு நாலு வயசு ஆகற வரைக்கும் முன்பக்கம் திருப்பவே கூடாதாம். அந்தா, உங்க காதுகிட்ட ஒட்டியிருக்கு பாருங்க."

அவர் கழுத்தை ஒடித்துத் திருப்பிப் பார்த்தார். சிவப்பு எழுத்தில், கொட்டையாகத்தான் ஒட்டியிருந்தது.

மாமியார் சீட்டை இன்னும் கொஞ்சம் பின்னுக்குச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். "நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க மாப்பிள்ளை. நாலு வயசு வரைக்கும் நானும் உங்ககூடவேதான் இருக்கலாம்னு இருக்கேன்."