பதிவான திட்டு யாருக்குச் சொந்தம்?

மனித குலம் தோன்றிய நாளிலிருந்து சிந்தனை என்பது உரிமையாளர் இல்லாமல் தெருவில் திரிந்துகொண்டிருந்தது. யாரோ ஒருவர் சக்கரத்தைக் கண்டுபிடித்தார். அவர் எந்த நிறுவனத்தில் வேலை பார்த்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. யாரோ ஒருவர் நெருப்பை மூட்டினார். அது வேலை நேரத்திலா, சாப்பாட்டு இடைவேளையிலா என்று விசாரிக்க ஆளில்லை. இந்த அவலத்துக்கு ஒரு முடிவு கட்டிய பெருமை எங்கள் நிறுவனத்தையே சாரும்.

எங்கள் நியமன ஒப்பந்தத்தில் ஒரு வாக்கியம் இருக்கிறது: "ஊழியர் பணியில் உள்ள காலம் முழுவதும், எந்த இடத்திலும், எந்த நேரத்திலும் உருவாக்கும் எதுவும் நிறுவனத்துக்கே சொந்தம்." படிக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும். ஊழியர்களில் யாரும் அதைப் படித்ததில்லை. படிக்காமலே கையெழுத்துப் போடும் அளவுக்கு எங்கள்மேல் அவர்களுக்கு நம்பிக்கை. புதிதாகச் சேர வந்த ஒருவர் மட்டும் படித்துவிட்டு, "எதுவும்னா குழந்தை கூடவா சார்?" என்று வேடிக்கையாகக் கேட்டார். சட்ட ஆலோசகர் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

இந்த வாக்கியத்தைக் காக்க அமைக்கப்பட்டதுதான் 'சிந்தனைச் சொத்துப் பாதுகாப்புக் குழு'. எச்.ஆர். அம்மையார் தலைவர், சட்ட ஆலோசகர் உறுப்பினர், அடியேன் செயலாளர். குழுவுக்கு ஒரு சிக்கல் இருந்தது. ஊழியர்கள் வீட்டில் என்ன உருவாக்குகிறார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது? வீடு வீடாகப் போய்ப் பார்த்தால் நாகரிகமாக இருக்காது. அம்மையார்தான் வழி கண்டார். 'பொழுதுபோக்குத் திருநாள்' என்று ஒன்றை அறிவித்தார். "உங்களுக்குள் ஒளிந்திருக்கும் கலைஞரை வெளியே அழைத்து வாருங்கள்!" என்று வண்ணத்தில் போஸ்டர் ஒட்டினோம். ஒளிந்திருந்தவர்கள் எல்லாரும் வரிசையாக வெளியே வந்தார்கள்.

கணக்குப் பிரிவில் ஒருவர் புல்லாங்குழல் வாசித்தார். காற்று என்பதால் விட்டுவிட்டோம். வரவேற்பில் இருக்கும் பெண் கேக் செய்து கொண்டுவந்திருந்தாள். அதன் உரிமை பற்றிக் கேள்வி எழுவதற்குள் குழுவே அதைச் சாப்பிட்டு முடித்திருந்தது. கடைசியாக வந்தவன்தான் மௌனம்.

மௌனம் என்பது நாங்கள் வைத்த பெயர். எங்கள் கிடங்கு மென்பொருளை எழுதும் பையன். கூட்டத்தில் வாயே திறக்க மாட்டான். அன்றைக்கு என்ன தோன்றியதோ, தன் மடிக்கணினியைத் திறந்து, வீட்டில் எழுதிய ஒரு சின்ன நிரலைக் காட்டினான்.

அவன் அப்பாவுக்கு ரத்த அழுத்தம். உடம்பு கொஞ்சம் தெளிந்தால் போதும், "எனக்கென்ன கேடு, எதுக்கு மாத்திரை?" என்று நிறுத்திவிடுவாராம். அம்மா திட்டினால்தான் போடுவார். அந்த அம்மாவோ மூத்த மகளின் பிரசவத்துக்காக வெளியூர் போகவேண்டி வந்தது. போகும் முன் மகன் அம்மாவின் திட்டுகளைப் பதிவு செய்துகொண்டான். சமையலறையில் ஃப்ரிட்ஜ்மேல் ஒரு ஸ்பீக்கர். மாத்திரை நேரம் வந்தால் முதலில் மணி அடிக்கும். அப்பா அசையாவிட்டால் அம்மா பேசுவார். 'போட்டுட்டேன்' என்று ஒரு பொத்தான் உண்டு. மாத்திரை டப்பாவைத் திறக்காமல் பொத்தானை மட்டும் அழுத்தினால் நிரலுக்குத் தெரிந்துவிடும். அம்மா இன்னும் உரக்கப் பேசுவார். ஸ்பீக்கரின் சுவிட்ச் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருந்ததால் அப்பாவால் அணைக்கவும் முடியாது.

கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். மௌனம் முதல்முறையாகச் சிரித்தான். எங்கள் அம்மையாருக்கு மூக்கில் வேர்த்தது.

மறுநாளே குழு கூடியது. விசாரணை என்று சொல்லக் கூடாது, 'கலந்துரையாடல்'.

"இதை எப்போ எழுதினீங்க?" என்றார் சட்ட ஆலோசகர்.

"வீட்டுக்குப் போய், சாப்பிட்ட பிறகு சார்."

"யார் கம்ப்யூட்டர்ல?"

"என்னோடது."

"கரண்ட்?"

"எங்க வீட்டுக் கரண்ட்தான்."

"மூளை?"

மௌனம் திருதிருவென்று விழித்தான். "அதுவும் என்னோடதுதான்னு..." என்று இழுத்தான்.

"அங்கதான் தப்பு பண்றீங்க. அந்த மூளையப் பார்த்துத்தான் உங்களை வேலைக்கு எடுத்தோம். சாயங்காலம் ஆனா அது வேற மூளை ஆயிடுமா?"

"இங்க நான் எழுதறது கிடங்குல சரக்கு இருக்கான்னு பாக்கற ப்ரோக்ராம் சார். அது எங்கப்பா மாத்திரை போட்டாரான்னு பாக்கறது."

"ரெண்டும் உள்ள போச்சா இல்லையான்னு பாக்கறதுதானே?"

இப்படிப்பட்ட கூர்மையை நான் எந்த நீதிமன்றத்திலும் பார்த்ததில்லை. மௌனம் தலையைக் குனிந்துகொண்டான்.

"சரி சார், எடுத்துக்கங்க. வீட்ல ஓடறத மட்டும் விட்டுடுங்க. மாத்திரை விட்டுப்போனா எங்கயாவது மயங்கி விழுந்துடுவாருன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. பகல்ல அவர் தனியா இருக்காரு."

அம்மையார் கனிவோடு சொன்னார்: "கம்பெனி சொத்தை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகக் கூடாதுப்பா. ஸ்டேப்ளருக்கே அந்த விதி இருக்கு."

"நான் எடுத்துட்டே போகலையே மேடம். அது அங்கயேதான் இருக்கு."

"அது இன்னும் மோசம். இதுவரைக்கும் கொண்டுவந்து குடுக்கவே இல்லைன்னு அர்த்தம்."

வீட்டில் இருந்த நிரலை அழித்துவிட வேண்டும், நகலை எங்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்று முடிவானது. ஆனால் நாங்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல. 'வீட்டு உபயோக அனுமதி' கேட்டு அவன் விண்ணப்பிக்கலாம் என்றோம். அதைப் பரிசீலிக்க ஒரு துணைக்குழு வேண்டும். துணைக்குழுவை அமைக்கும் விஷயம் பரிசீலனையில் இருந்தது.

சில நாள் கழித்து என் மேசைக்கு ஒரு அழைப்பு வந்தது. எடுத்ததுமே ஒரு பெண்குரல்.

"ஏம்ப்பா, நீதானே அந்தக் குழுவுக்குச் செயலாளரு?"

நான் எழுந்து நின்றுவிட்டேன். ஏன் நின்றேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

"ஆமாம்மா."

"என் வீட்டுக்காரரை நான் திட்றதுக்கு உன் அனுமதி வேணுமா?"

நான் சுதாரித்துக்கொண்டு விதியை விளக்கினேன். "திட்றது உங்க உரிமைம்மா. அதுல நிறுவனம் தலையிடாது. பதிவு செஞ்ச திட்டுதான் எங்களுக்குச் சொந்தம். நேரடித் திட்டுக்கு எந்தத் தடையும் இல்லை."

"நேரடியா திட்றதுக்கு நான் அங்கயா இருக்கேன்? இங்க பச்ச உடம்புக்காரியையும் கைக்குழந்தையையும் விட்டுட்டு எப்படி வர்றது? போன் பண்ணா, நான்தான்னு தெரிஞ்சு அந்த மனுஷன் எடுக்கவே மாட்டேங்கறாரு. பையன் எழுதி வச்சது ஒண்ணுதான் அவரை ஆட்டிவச்சுது. நீங்க வந்து அதையும் புடுங்கிட்டீங்க. நல்லா இருப்பீங்களா?"

"துணைக்குழு அமைஞ்சதும்..."

தொடர்பு துண்டிக்கப்பட்டிருந்தது. நான் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

இதற்கிடையில் எங்கள் மென்பொருள் பிரிவு சும்மா இருக்கவில்லை. எங்கள் அலுவலகத்தின் தீராத நோய் டைம்ஷீட். என்ன வேலை செய்தோம் என்று வாரா வாரம் போடவேண்டும், ஒருவரும் போடுவதில்லை. மௌனத்தின் நிரலைக் கொஞ்சம் மாற்றி அதற்கு வைத்தால் என்ன? மாத்திரை டப்பாவுக்குப் பதில் டைம்ஷீட் பதிவேட்டோடு இணைத்து, திரையில் 'மாத்திரை' இருந்த இடங்களில் எல்லாம் 'டைம்ஷீட்' என்று மாற்றினார்கள். நிரலின் உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. அதுதான் எங்கள் வழக்கம். வெளியாரிடம் வாங்கிய நிரல் என்றால் வரி வரியாகச் சோதிப்போம். நம்முடையதை நாமே சந்தேகப்பட்டால் உலகம் என்ன நினைக்கும்? ஒலிகளையும் யாரும் கேட்கவில்லை. அலுவலகத்தில் எல்லாக் கணினிகளும் ஊமை. சத்தம் வரக் கூடாது என்பது விதி.

விதிக்கு விலக்கான ஒரே இடம் எம்.டி.யின் கூட்ட அறை. அங்கே நான்கு மூலையிலும் ஸ்பீக்கர்கள் உண்டு.

அன்று வெளிநாட்டுக்காரர்கள் இருவர் வந்திருந்தார்கள். துணைக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர். எம்.டி. தன் கணினியைப் பெரிய திரையில் இணைத்து, எங்கள் நிறுவனத்தின் ஒழுங்கைப் பற்றி உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தார். எம்.டி. வாழ்நாளில் ஒரு டைம்ஷீட்டும் போட்டதில்லை என்பது நிரலுக்குத் தெரிந்திருந்தது. மணி அடித்தது. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"என்னங்க!"

நான்கு மூலையிலிருந்தும் அந்தக் குரல். கதவோரம் நின்றிருந்த எனக்கு அது யார் என்று உடனே தெரிந்தது.

"காது கேக்குதா இல்லையா? எத்தனை வாட்டி சொல்றது? போட்டீங்களா இல்லையா?"

எம்.டி. வெலவெலத்துப்போய் 'போட்டுட்டேன்' பொத்தானை அழுத்தினார்.

"பொய்! பொய்! இந்த வயசுல பொய் வேற. எங்க, வாயைத் திறங்க, பாக்கணும்."

எம்.டி. வாயைத் திறந்தார்.

பொய் சொல்லவில்லை, என் கண்ணால் பார்த்தேன். பல நூறு பேரை ஒரு பார்வையில் நடுங்கவைத்த மனிதர், விருந்தினர் முன்னால் வாயை அகலத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நாக்கைத் தூக்குங்க."

தூக்கினார்.

"இவங்க என்ன கேக்கறாங்க?" என்று வெளிநாட்டுக்காரர் ஒருவர் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டிருக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் ஓடிப்போய் மின்கம்பியைப் பிடுங்கினேன்.

தவறு யாருடையது என்று கண்டறிய அன்றே குழு கூடியது. சட்ட ஆலோசகர் ஒரே நிமிடத்தில் சிக்கலை அவிழ்த்தார். "ப்ரோக்ராம் கம்பெனியோடது. அதுல இருக்கற தப்பு, எழுதினவரோடது. ஏன்னா தப்பு நடந்தது வீட்ல, அவரோட சொந்த நேரத்துல." நல்லது நடந்தால் நிறுவனத்தின் நேரம், கெட்டது நடந்தால் ஊழியரின் நேரம்! நான் புல்லரித்துப்போய் அதை எழுதிக்கொண்டேன். மௌனத்தைக் கூப்பிட்டனுப்பினோம். அவன் இருக்கையில் இல்லை.

மறுநாள் காலையில் தானாகவே வந்தான். முந்தைய நாள் போட்ட அதே சட்டை, சவரம் செய்யாத முகம். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

"அப்பா சமையலறையில விழுந்துட்டாரு. பக்கத்து வீட்டுக்காரங்க பார்த்துத் தூக்கிட்டுப் போயிருக்காங்க. ஐ.சி.யூ.ல இருக்காரு. வலது கை வரலை. மாத்திரை டப்பாவைத் தொடவே இல்லை, அப்படியே நிறைஞ்சு கெடக்கு."

எச்.ஆர். அம்மையார் "ஐயோ பாவம்" என்றார். நிறுவனத்தின் சார்பாகச் சொன்னாரா, சொந்த முறையில் சொன்னாரா என்று குறிப்பில் தெளிவாக இல்லை.

மௌனம் நிறுத்தவில்லை. மூன்று வருடமாகப் பேசாததையெல்லாம் சேர்த்துப் பேசுகிறவன் போல் இருந்தான். "ப்ரோக்ராம் உங்களோடதுன்னு சொன்னீங்க, ஒத்துக்கிட்டேன். என் மூளை உங்களோடதுன்னு சொன்னீங்க, அதுக்கும் தலையாட்டினேன். எங்கம்மா திட்டு கூட உங்களோடதுன்னீங்க. உங்க ப்ரோக்ராமை நிறுத்தினதால ஒரு மனுஷன் விழுந்து கெடக்கறாரு. அது யாரோடது சார்? சொல்லுங்க. அது யாரோடது?"

நான் பேனாவைத் திறந்து மூடினேன். சட்ட ஆலோசகர் மட்டும் பதறவில்லை. ஒப்பந்தத்தை எடுத்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மெதுவாகப் படித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"உங்கப்பா நீங்க இங்க சேர்றதுக்கு முன்னாடியே இருந்தவரு. அவர் மேல கம்பெனி எந்த உரிமையும் கொண்டாடாது."

ஊழியரின் வீடு, மூளை, இரவு, அம்மாவின் குரல் என்று கண்ணில் பட்டதையெல்லாம் தன்னுடையது என்று சொன்ன எங்கள் நிறுவனம், "இது எங்களுடையதல்ல, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.