கண்ணைக் கட்டிக்கொண்டு வண்டி பார்த்தவர்

காவிரிப் பாசனத்தில் எந்த ரோட்டில் எங்கே பள்ளம், எங்கே மேடு என்பது அந்த ரோட்டைப் போட்டவர்களுக்கே மறந்து போயிருக்கும். எங்கள் தெரு ஓல்டானின் இடுப்புக்கு மறக்காது. முப்பது வருஷம் குத்தாலம் பஸ்ஸில் கண்டக்டராக நின்றும் உட்கார்ந்தும் படித்த பாடம் அது.

பஸ்ஸை நிறுத்த விசிலோடு சேர்த்து அவர் கத்தும் வார்த்தைதான் ஓல்டான். அதுவே அவர் பெயராகிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயரைக் கேட்டால் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஒருமுறை அந்தப் பெயரில் வந்த கல்யாணப் பத்திரிகையை, "அப்படி யாரும் இங்க இல்லப்பா" என்று அவரே திருப்பி அனுப்பப் பார்த்தார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும் விசில் மட்டும் ஓய்வு பெறவில்லை. வீட்டில் அவர் மனைவி சோறு போடும்போது வாயைத் திறந்து போதும் என்று சொல்ல மாட்டார். ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு விசில் என்றால் இன்னும் போடு. சாம்பார் நன்றாக இருக்கும் நாட்களில் தெருவே பஸ் ஸ்டாண்டு மாதிரி இருக்கும்.

மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு ஆண்கள் எல்லாம் வாசல் படியிலேயே நிற்பார்கள். எத்தனையோ சாமியார்கள் சொல்லிப் பார்த்து ஓய்ந்துவிட்டார்கள். ஒருநாள் பிரசங்கத்தின் நடுவில் ஓல்டான் எழுந்தார்.

"படியில நிக்காதீங்க, உள்ள போங்க. நடுவுல எவ்வளவு எடம் கெடக்கு பாருங்க. ஏங்க, கட்டம்போட்ட சட்டைக்காரரு, உங்களத்தான்."

எல்லாரும் பயந்துபோய் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். சாமியார் காத்திருந்தார். ஓல்டான் ஒரு தரம் முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, "போலாம், ரைட்" என்றார். சாமியார் பிரசங்கத்தைத் தொடர்ந்தார்.

எங்கள் பக்கத்தில் யார் கார் வாங்கினாலும் முதலில் ஓல்டானை உட்காரவைத்து ஓட்டிப் பார்ப்பார்கள். கூலி ஒரு டீ, இரண்டு வடை. பின் சீட்டில் உட்கார்ந்து துண்டால் கண்ணை இறுக்கிக் கட்டிக்கொள்வார். வண்டி குலுங்குவதை வைத்தே ஒவ்வொரு ஸ்டாப்பாகச் சொல்லிக்கொண்டு வருவார். எல்லாம் சரியாகச் சொல்லிவிட்டால் வண்டி மட்டம், ரோடு முழுக்க இடுப்பில் ஏறுகிறது என்று அர்த்தம். தப்பாகச் சொன்னால் வண்டி உசத்தி. வாத்தியார் ஒருத்தர் பழைய கார் ஒன்றைப் பார்க்க அழைத்துப் போனபோது, சக்கரத்தில் ஏதோ ஏறி இறங்கியது. "இளநி மட்டை" என்றார் ஓல்டான். கொஞ்சம் யோசித்து, "வழுக்கைய சொரண்டாம போட்டுட்டுப் போயிருக்கான்" என்றார். வாத்தியார் அந்தக் காரை வாங்கவில்லை.

இப்போது எங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். குத்தாலத்தில் இருக்கும் என் தங்கை லூர்து குளியலறையில் வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டாள். மூன்று மாதம் படுக்கை. போய்ப் பார்க்க எனக்கு மனசு அடித்துக்கொண்டது, ஆனால் வயிறு விடவில்லை. வண்டி எதுவும் எனக்கு ஒத்துக்காது. எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்து நகத்தால் கீறி மோந்துகொண்டே போனாலும் பாதி வழியில் வாந்தி வந்துவிடும். முன்னே ஓல்டானின் பஸ்ஸில் போகும்போதும் அதே கதைதான். இப்போது வயசுக்கு அதுவும் முடியவில்லை.

லூர்து போனில் பிடி பிடி என்று பிடித்தாள். "உனக்கு எதுக்குக்கா தங்கச்சி? அந்த எலுமிச்சம்பழத்தையே கூடப் பொறந்ததா வச்சுக்க."

இதைக் கேட்டுக்கொண்டிருந்த என் மகன் ஆரோக்கியம், உரக்கடை வைத்திருக்கிறான், "வாரா வாரம் உன்னைக் கூட்டிட்டுப் போறேன்மா, வண்டி எடுத்துடுவோம்" என்றான். எடுப்பது எடுக்கிறோம், உயரமான வண்டியாக எடுப்போம் என்று ஷோரூமில் சொல்ல, டை கட்டிய தம்பி ஒருவர் இரண்டு வண்டிகளை வரவழைத்தார். இரண்டும் எஸ்.யு.வி. ஒன்று ஐந்து பேர் உட்காரும் நடுத்தரம். இன்னொன்று மூன்று வரிசை வைத்த பெரிசு. ஆரோக்கியத்துக்குப் பெரிசு மேல் ஆசை. மருமகள் ஸ்டெல்லாவுக்கு நடுத்தரம் போதும் என்று. கடைசியில் இருவரும், "ஓல்டான் மாமா சொல்லட்டும்" என்று ஒத்துக்கொண்டார்கள்.

முதலில் நடுத்தரம். ஆரோக்கியம் ஓட்டினான், பக்கத்தில் அந்தத் தம்பி. பின்னால் ஒரு ஓரம் நான், எலுமிச்சம்பழத்தோடு. நடுவில் ஸ்டெல்லா. அந்த ஓரம் ஓல்டான், கண்ணில் துண்டோடு.

"வாய்க்கா மதகு" என்றார். மதகுதான். "ரைஸ் மில்லு எறங்கு." ரைஸ் மில்தான். "பள்ளிக்கூடம், முதல் ஸ்பீடு பிரேக்கர். ரெண்டாவது. மூணாவது எங்க? ஆங், வந்துருச்சு." ஆற்றங்கரை ரோட்டில் நெல் காயப்போட்டிருந்தார்கள். அதன் மேல் ஏறியதும், "நெல்லு. இன்னும் ஈரம் போகல" என்றார்.

தம்பியின் முகம் சுருங்கியது. "சார், இது சஸ்பென்ஷன் கொஞ்சம் இறுக்கமாத்தான் இருக்கும். ஆனா ஹேண்ட்லிங் சூப்பர் சார்."

"அப்படின்னா?" என்றார் ஓல்டான்.

"திருப்புனா திரும்பும் சார்."

"திருப்புனா எல்லா வண்டியுந்தானே திரும்பும்?"

"இல்ல சார். சிலது கொஞ்சம் யோசிச்சுட்டுத் திரும்பும்."

அடுத்து பெரிசு. ஏறி உட்கார்ந்ததும் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. மதகு வந்தது, போனது, ஓல்டான் வாயைத் திறக்கவில்லை. ரைஸ் மில் தாண்டிய பிறகு "மதகு" என்றார். ஸ்பீடு பிரேக்கர் மூன்றும் தலையணை மாதிரி அமுங்கின. ஆற்றங்கரை ரோட்டின் வளைவுகள் ஆரம்பித்தபோதுதான் வண்டி தன் குணத்தைக் காட்டியது. இந்தப் பக்கம் ஒரு சாய்வு, அந்தப் பக்கம் ஒரு சாய்வு, ஓடம் மாதிரி. தம்பி சொன்னது போலவே ஒவ்வொரு வளைவிலும் யோசித்துவிட்டுத்தான் திரும்பியது. எதிரே அறுவடை மெஷின் வர, பள்ளிக்கூடம் வரை ரிவர்ஸிலேயே வந்து வழி விட்டோம். நான் பழத்தைக் கீறுவதும் மோப்பதுமாக இருந்தேன். யாரும் பார்க்காமல் முகத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

தெருவுக்குத் திரும்பி வண்டி நின்றது. ஓல்டான் அசையவில்லை. "ஏன் மாப்ள, இன்னும் ஆத்தங்கரைக்குப் போகலையா? போலாம், ரைட்" என்றார்.

தெருவே சிரித்தது. துண்டை அவிழ்த்துப் பார்த்தவர் முகம், தன் ஸ்டாப்பில் இறங்காமல் தூங்கிப்போன பயணி மாதிரி ஆனது. தம்பிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "சார் கணக்குப்படியே பெரிசு வின்னர் சார்."

ஓல்டான் டீயைக் குடித்தார். வடையைத் தின்றார். "சின்னதை எடுங்க" என்றார்.

"மாமா, பெரிசுலதானே நீங்க எதையும் கண்டுபிடிக்கல? நீங்க வச்ச சட்டம் மாமா அது" என்றான் ஆரோக்கியம்.

"சட்டத்தை மாத்திட்டேன்."

"தோத்த கோவத்துல பேசாதீங்க."

"பெரிசை எடுத்தீன்னா உன் கடையில இனிமே யூரியா வாங்க மாட்டேன்."

"உங்களுக்கு ஏது மாமா நெலம்?"

"நெலத்தை வாங்குவேன். வாங்கிட்டு வந்து, யூரியா வாங்க மாட்டேன்."

ஆரோக்கியம் என் பக்கம் திரும்பினான். "நீதானம்மா போகப் போற. நீ சொல்லு, எது?" அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். அந்தத் தம்பி டையைச் சரி செய்துகொண்டு பார்த்தார். பெரிசில் இன்னும் இரண்டு வளைவு வந்திருந்தால் உங்கள் புது சீட்டு கெட்டிருக்கும் என்று எப்படிச் சொல்வது? "எதுன்னாலும் சரிப்பா" என்று சொல்லி, என் தலையில் நானே மண்ணைப் போட்டுக்கொண்டேன்.

ஆனால் ஓல்டான் விடவில்லை. தினம் காலையில் உரக்கடை வாசலில் நின்று, "சின்னது, சின்னது, சின்னது" என்று ஊர் பெயர் கூவுவது போலக் கூவினார். வியாபாரம் கெட்டது. "ஓல்டானுக்கு இடுப்பு போச்சு, அதை மறைக்கத்தான் இந்தக் கூத்து" என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். டீக்கடையில் கூட, "அண்ணே, இது எந்த ஸ்டாப்பு, தெரியுதா?" என்று கேட்டார்கள். எத்தனை பெரிய பெயர் அவருக்கு. அத்தனையும் ஒரே வாரத்தில் போயிற்று. அவர் பாட்டுக்குக் கூவிக்கொண்டிருந்தார். எட்டாம் நாள் ஆரோக்கியம் கும்பிடு போட்டுவிட்டு நடுத்தரத்தையே எடுத்தான்.

முதல் பயணத்துக்கு ஓல்டான் முன் சீட்டில் தானாக ஏறிக்கொண்டார். பள்ளங்கள் எல்லாம் இடுப்பில் தெரிந்தன. ஆனால் வளைவுகளில் வண்டி தரையைப் பிடித்துக்கொண்டு போனது. வயிறு இருந்த இடத்தில் இருந்தது. குத்தாலத்தில் நான் உள்ளே நுழைந்ததும் லூர்து கட்டிலிலிருந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"மூஞ்சி வெளுக்கல, சேலை நனையல. நெசமாவே வண்டிலதான் வந்தியாக்கா?" என்றாள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு சாயங்காலம் வரை விடவில்லை. திட்டுவதையும் விடவில்லை.

கிளம்பும்போது வாசலில் ஓல்டான் மட்டும் நின்றார். இத்தனை வருஷத்தில் அவரிடம் ஊர் பெயரும் சில்லறையும் தவிர வேறு பேசியதில்லை. அன்று எப்படியோ கேட்டுவிட்டேன். "ஏங்க, அன்னைக்கு ஏன் சின்னதை எடுக்கச் சொன்னீங்க?"

"சின்னதுல ரெண்டு தடவை கீறுனீங்கக்கா. பெரிசுல பதினேழு."

எனக்குப் புரியவில்லை. "கண்ணைக் கட்டியிருந்தீங்களே."

"மூக்கைக் கட்டலையே. நகம் பட்டா எலுமிச்சை வாசனை வண்டி பூரா வரும். நம்ம பஸ்ஸுலயும் அப்படித்தான், மூணாவது சீட்டு, சன்னலோரம் நீங்க. முப்பது வருஷமா அந்த வாசனை ஜாஸ்தியாச்சுன்னா டிரைவர்கிட்ட, வளைவுல மெதுவாப் போன்னு சொல்லிக்கிட்டேதானே வந்தேன்?"

அதனால்தான் அந்த பஸ் வளைவுகளில் அத்தனை நிதானமாகப் போயிற்றா? டிரைவர் நல்லவர் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அன்னைக்கே எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கலாமே."

"அவ்வளவு பேரு முன்னாடி சொன்னா நீங்க கூசிப் போவீங்கக்கா." பிறகு குரலைத் தாழ்த்தினார். "பெரிசுல எண்ணிக்கிட்டே வந்ததுல ஸ்டாப்பை விட்டுட்டேன். மத்தபடி என் இடுப்புக்கு ஒண்ணும் இல்ல. யார்கிட்டயும் சொல்ல வேணாம்."

இத்தனை நாள் சொல்லவில்லை. இப்போது எழுதிவிட்டேன், டீக்கடைக்காரர்களும் படிக்கட்டும்.

இப்போதும் சனிக்கிழமை தோறும் குத்தாலம் போகிறோம். முன் சீட்டில் அவர் கண்ணை மூடிக்கொண்டு மதகு, ரைஸ் மில் என்று சொல்லிக்கொண்டே வருகிறார். ஒன்றும் தப்புவதில்லை. எலுமிச்சம்பழம் எனக்கு இப்போது தேவைப்படுவதில்லை என்றாலும் பழக்கத்துக்கு ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்கிறேன். அதன் மேல் நகம் மட்டும் படாமல் பார்த்துக்கொள்கிறேன். பாவம், அவர் நிம்மதியாக ஸ்டாப் சொல்லிக்கொண்டு வரட்டும்.