மலைச்சிங்கமாகத் தவழ்ந்தவர்

எங்கள் அமெரிக்க ஊரான பிளசன்டனில் எந்தக் கதவும் டெஸ்டர் அங்கிளிடம் நிம்மதியாக இருந்ததில்லை. சாஃப்ட்வேரில் தப்புக் கண்டுபிடிப்பதுதான் அவருக்கு உத்தியோகம். ஆபீஸ் முடிந்தாலும் உத்தியோகம் முடியாது. கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிட்டால், சாப்பிடுவதற்கு முன் மாடிப்படியில் குதித்துப் பார்ப்பார். "ரெண்டாவது படி ஆடுது, நோட் பண்ணிக்கோங்க" என்பார். வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடாது.

எங்களுக்கு ஆட்டுக்கறி கொடுப்பவர் மலையடிவாரப் பண்ணைக்காரர் ஜிம். ஒரு ஞாயிறு அங்கிளும் நானும் போனபோது மனிதர் கொதித்துக்கொண்டிருந்தார். மவுண்டன் லயன் என்கிற மலைச்சிங்கம் அவருடைய ஆடுகளைத் தூக்கிப்போயிருந்தது. இன்னும் ஒன்று போனால் பர்மிட் வாங்கிச் சுட்டுவிடுவேன் என்றார். அது குட்டியோடு திரியும் தாய் என்றும் அவரே சொன்னார்.

அங்கிளுக்குப் பொறுக்கவில்லை. "பட்டியிலதான் பக் இருக்கு, தப்பு அங்கதான். அதுக்கு எதுக்குப்பா தாயைச் சுடணும்?" என்று என்னிடம் குமுறிவிட்டு, ஜிம்மிடம் ஆங்கிலத்தில் மன்றாடினார். ஆப்பிரிக்காவில் சிவிங்கிப்புலியைச் சுடாமல் இருப்பதற்காக, ஆடுகளோடு பெரிய நாயைப் பழக்கி வளர்ப்பதை வீடியோவில் காட்டினார். ஜிம் இறங்கிவந்தார். நாய் வந்தது, பட்டிக்கு வலைக்கூரையும் வந்தது.

வேறு யாராக இருந்தாலும் அத்தோடு விட்டிருப்பார்கள். அங்கிளா விடுவார்?

"யூஸர் மாதிரி டெஸ்ட் பண்ணணும்ப்பா."

"யூஸர் யாரு அங்கிள்?"

"சிங்கம்தான்!"

பொழுது சாயும் நேரம். ஜிம்மிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், பழுப்பு ஸ்வெட்டரோடு புல்லுக்குள் தவழ ஆரம்பித்தார். சொல்லிவிட்டுச் செய்தால் டெஸ்ட் செல்லாதாம். வேலியை ஒவ்வொரு இடமாகத் தள்ளிப் பார்த்தார். ஓரிடத்தில் அடியில் மண் அரித்திருந்தது. தலை போனது, தோள் போனது; தொப்பை போகவில்லை. ஆடுகள் கதறின. நாய் பாய்ந்து வந்து அவர் மூக்குக்கு நேரே நின்று குரைத்தது. வீட்டுக் கதவு திறந்தது. ஜிம் கையில் துப்பாக்கி.

துப்பாக்கி தோளுக்கு ஏறியது. "ஜிம், நோ! அது நம்ம அங்கிள்!" என்று பாதி தமிழில் அலறினேன். வேலிக்கடியிலிருந்து உற்சாகமாக ஒரு குரல்: "ஜிம்! ஐ ஃபவுண்ட் எ பக்!"

ஜிம் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு மூவருமாகக் கல் சுமந்து அந்தப் பள்ளத்தை அடைத்தோம்.

அடுத்த ஞாயிறு பட்டியைச் சுற்றி ஈர மண்ணில் பெரிய காலடிகள், பக்கத்திலேயே சின்னக் காலடிகள். தாயும் குட்டியும் சுற்றிப் பார்த்துவிட்டு மலைப்பக்கம் திரும்பியிருந்தன. ஆடுகள் அத்தனையும் பத்திரமாக இருந்தன. இனி பர்மிட் வேண்டாம் என்றார் ஜிம்.

அங்கிள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணையும் துடைத்தார். "இப்பவே பாஸ்னு சொல்ல மாட்டேன். அடுத்த வாரமும் தவழ்ந்து பாக்கணும்" என்றார்.

"நானும் வரேன் அங்கிள்" என்றேன். துப்பாக்கிக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க ஒரு ஆள் வேண்டாமா? அங்கிளை இழக்க எனக்கு மனசில்லை.